சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "கூகுள் வருதும்மா, யூடியூப் நல்லா ஓடுது. பென்ஷன் சைட்டும் கரண்ட் பில் கட்டுற சைட்டும் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. கடையில கேட்டேன், வைரஸா இருக்கும், ஃபார்மட் பண்ணிரலாம்னு சொல்றாங்க. உங்க சித்தி படமெல்லாம் அதுலதான் இருக்கு, அதான் யோசனையா இருக்கு."

சித்தி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. "எதையும் தொடாதீங்க சித்தப்பா, பொங்கலுக்கு வர்றேன்ல" என்று சொல்லி வைத்தேன். அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பதுதான் என் வேலை. அன்று அவர் வீட்டில் செய்ததை, போனில் ஒருவருக்குச் சொல்வது போல வரிசையாக எழுதுகிறேன். சில தளங்கள் வந்து சில தளங்கள் வராமல் போனால், அந்தப் பிரச்சினை ஃபார்மட் வரை போக வேண்டியது மிக அரிது.

முதல் சோதனைக்குக் கணினியே வேண்டாம், செல்போன் போதும். வராத தளத்தை வீட்டு வைஃபையில் செல்போனில் திறந்து பாருங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். இரண்டிலும் வரவில்லை என்றால் கோளாறு அந்தத் தளத்திடம், காத்திருப்பதுதான் வழி. வைஃபையில் செல்போனுக்கு வருகிறது, கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கணினிக்குள். வைஃபையில் செல்போனுக்கும் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வருகிறது என்றால் ரவுட்டரையோ இணைப்பையோதான் பார்க்க வேண்டும். சித்தப்பா வீட்டில் இந்த மூன்றாவது நிலைதான். கணினியை ஃபார்மட் செய்திருந்தால் பணமும் படங்களும் போயிருக்கும், பென்ஷன் தளம் மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்தது, திரையில் வரும் செய்தியைப் படிப்பது. 'எரர்' என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வரியில்தான் பாதி விடை இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்த வரியில் டிஎன்எஸ் என்ற மூன்றெழுத்து இருந்தால், தளத்தின் பெயருக்குரிய எண் முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் ரவுட்டரை அணைத்துப் போட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது இங்கே போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். அப்படியும் வரவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் cmd என்று தேடினால் வரும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலில் என்எஸ்லுக்அப் (nslookup) என்று அடித்து, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதே வரியின் கடைசியில் இடைவெளி விட்டு, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1-ஐச் சேர்த்து மறுபடி கேளுங்கள். முதல் முறை இல்லை என்றும் இரண்டாம் முறை ஓர் எண்ணும் வந்தால், பெயருக்கு எண் தேடித் தரும், நீங்கள் பயன்படுத்தும் டிஎன்எஸ் சர்வரில்தான் குறை. விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் உங்கள் இணைப்பைத் திறந்து, டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற வரிக்கு எதிரே எடிட் கொடுத்து, மேனுவல் என்று மாற்றி, ஐபிவி4-ல் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போடுங்கள்.

ரவுட்டரில் யாரோ டிஎன்எஸ் எண்ணை மாற்றி வைத்திருக்கவும் கூடும். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளில் இதைத்தான் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையம் அறுந்து போகாமல் இருக்க மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டார்கள். அதனால் ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் வாங்கி வந்தபோது இருந்ததே இன்னும் இருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள்.

'சான்றிதழ் சரியில்லை', 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற வகைச் செய்தி வந்தால் முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினி தன்னை 2015-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் எதையும் அது ஏற்காது. பழைய டெஸ்க்டாப்பில் பிளக்கைப் பிடுங்கிப் போடும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவுதான்.

தேதி சரியாக இருந்தும் பழைய விண்டோஸ் 7 கணினியில் இந்தச் செய்தி வருகிறதா? விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. குரோம் 109-தான் அதில் ஓடும் கடைசிக் குரோம். நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியல் பழசாகிப் போனதால் சில தளங்கள் மறுக்கப்படுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் என்ற பிரௌசர் அந்தப் பட்டியலைத் தன்னுடனே வைத்திருப்பதால், அதன் 115 ஈஎஸ்ஆர் (ESR) பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். இது தற்காலிக வழிதான். அந்தக் கணினியில் பணம் சம்பந்தப்பட்ட வேலை வேண்டாம். சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டி 'பரவாயில்லை, உள்ளே போ' என்று அழுத்துவதை, அதிலும் வங்கித் தளத்தில், ஒருநாளும் செய்யாதீர்கள். அந்த எச்சரிக்கை உங்கள் பணத்துக்கான காவல்.

கோளாறு கணினிக்குள் என்று தெரிந்தால் வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரௌசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தளம் வருகிறதென்றால், தளம் விட்டுவைத்த பழைய குக்கி என்ற குறிப்போ, பிரௌசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷனோதான் காரணம். உங்கள் இணைப்பை வேறு இடத்து சர்வர் வழியாகக் கொண்டுபோகும் விபிஎன் போட்டிருந்தால் நிறுத்துங்கள். வெளிநாட்டு முகவரியிலிருந்து வருபவர்களைச் சில அரசுத் தளங்கள் உள்ளே விடுவதில்லை. செட்டிங்ஸில் பிராக்ஸி, அதாவது இடையில் நிற்கும் வேறொரு சர்வர், தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி (etc) என்று போனால் ஹோஸ்ட்ஸ் (hosts) என்ற சிறிய கோப்பு இருக்கும். தளத்தின் பெயருக்கு எண் இதில் எழுதியிருந்தால் கணினி அதையே எடுத்துக்கொள்ளும். நோட்பேடில் திறந்தால் # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம்தான். # இல்லாத வரியில் உங்கள் வங்கியின் பெயரோ ஆன்டிவைரஸ் தளத்தின் பெயரோ இருந்தால், கணினியில் எதுவோ புகுந்திருக்கிறது. அப்போது வைரஸ் என்ற சந்தேகம் நியாயமானது.

சரி, சித்தப்பா வீட்டுக்கு வருவோம். எரர் எதுவும் இல்லை, தேதி சரி, டிஎன்எஸ் சரி. பெயருக்கு எண் வருகிறது, இணைப்பும் கிடைக்கிறது, ஆனால் பக்கம் வராமல் வட்டம் மட்டும் சுற்றுகிறது. இப்படி ஒரு நிலை வந்தால் எம்டியு-வை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவுதான் எம்டியு. சாதாரண ஈதர்நெட்டில் அது 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஈ வகை இணைப்பில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 8 பைட் மேலுறை சேர்வதால் 1492 பைட்தான் போகும்.

தளத்தின் சர்வருக்கு இது தெரியாது. 1500 பைட் பொட்டலத்தை, 'உடைக்கக் கூடாது' என்ற முத்திரையோடு அனுப்பும். வழியில் இருக்கும் கருவி அதைத் தடுத்து, 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்று பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை நடுவில் ஏதோ ஃபயர்வால் விழுங்கிவிட்டால் சர்வர் அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கணினி கேட்கும் கேள்வி சின்னது, அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. சர்வர் அனுப்பும் முதல் பெரிய தகவல் சான்றிதழ். அது வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கூகுளும் யூடியூபும் மட்டும் எப்படி வந்தன என்றால், குரோமோடு அவை பேசும் குயிக் என்ற முறையில் பொட்டலங்கள் 1492-ஐவிடச் சிறியவை. இந்தக் காரணம் தெரியாவிட்டால் பேய் பிடித்த கணினி போலத்தான் தோன்றும்.

சோதிப்பது சுலபம். ஒரு பொட்டலத்தை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். கமாண்ட் பிராம்ப்டில் 'பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1' (ping -f -l 1472 1.1.1.1) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். 1472-உடன் தலைப்புத் தகவல் 28 பைட் சேர்ந்தால் 1500. பதில் வந்தால் எம்டியு பிரச்சினை இல்லை. 'உடைக்க வேண்டும்' என்ற பொருளில் செய்தி வந்தாலோ, டைம் அவுட் ஆனாலோ, எண்ணை 1464 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் இணைப்பின் எம்டியு. சித்தப்பா வீட்டில் 1472-க்கு நான்கு டைம் அவுட், 1464-க்கு நான்கு பதில். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "எட்டு பைட்டுக்கா இந்தப் பாடு?" என்றார்.

ரவுட்டர் பக்கத்துக்குள் போனேன். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1, ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளி இணைப்புக்கான வான் (WAN) பகுதியில் எம்டியு 1500 என்று இருந்தது. ரவுட்டர் மாற்றியபோது யாரோ கையால் போட்டது. 1492 ஆக்கி, சேவ் கொடுத்து, ரீபூட் செய்தேன். ரவுட்டருக்குச் சரியான அளவு தெரிந்துவிட்டால், இணைப்பு தொடங்கும்போதே 'இங்கே 1452 பைட் தகவல்தான் வாங்க முடியும்' என்று அதுவே சர்வரிடம் சொல்லிவிடும். இதற்குப் பெயர் எம்எஸ்எஸ் கிளாம்பிங். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வேலை முடிந்தது. பென்ஷன் தளம் திறந்தது. சித்தப்பா அந்த மாதச் சீட்டைப் பிரின்ட் எடுத்தார். நான் படங்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து அவர் பீரோவிலும், இன்னொன்றில் எடுத்து என் பையிலும் வைத்தேன்.

ரவுட்டருக்குள் நுழைய உங்கள் இணைப்பு நிறுவனம் விடவில்லை என்றால் அவர்களை அழைக்க வேண்டியதுதான். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "இந்த இரண்டு தளமும் வைஃபையில் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வருகிறது. 1472 பிங் போகவில்லை, 1464 போகிறது. வான் எம்டியு 1492 போட்டு, எம்எஸ்எஸ் கிளாம்பிங் ஆன் செய்யுங்கள்." ஒரு தாளில் எழுதி வைத்துப் படித்தாலும் போதும். புகார் எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.