கெட்டவன் கதையை ஏமாறாமல் பார்ப்பது எப்படி

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். 31 வருட சர்வீஸில் 14 வருடம் காஷுவாலிட்டி. தெற்கத்தி ஊர், அதனால் அரிவாள் வெட்டும் கத்திக் குத்தும் பார்த்துப் பழகியவள். அப்படிப்பட்டவள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கொலைப் படம் போட்டு உட்காருவது என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. “பார்த்தது பத்தலையா உனக்கு?” என்பார். என்ன செய்ய, பிடிக்கிறது. கதாநாயகனே கெட்டவன் என்றால் இன்னும் பிடிக்கிறது. ஆனால் இந்த வகைக் கதைகள் நம்மை நன்றாக ஏமாற்றும். ஏமாறாமல் பார்க்க நான் வைத்திருக்கும் வழக்கங்களைச் சொல்கிறேன்.

தியேட்டரோ ஓடிடியோ, முதலில் சர்டிபிகேட்டைப் பாருங்கள். முன்பு யூஏ என்றால் எல்லாம் ஒரே யூஏதான். 2024இலிருந்து தியேட்டர் படங்களுக்கும் அதை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். யூஏ 16+ என்று இருந்தால் எட்டாவது படிக்கும் பேரனைத் தூங்க அனுப்பிவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடுவேன். அப்புறம், சாப்பாட்டுத் தட்டோடு உட்காராதீர்கள். அருவருப்புக்காகச் சொல்லவில்லை. கை சும்மா இருக்க வேண்டும், கையில் ஒரு வேலை கொடுக்கப்போகிறேன்.

ஆரம்பத்தில் கொலையைக் கவனிக்க வேண்டாம். இந்த ஆளை நமக்கு எப்படிப் பிடிக்கவைக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவனைவிட மோசமான ஒருத்தனைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தெருநாய்க்கு பிஸ்கட் போடவைப்பார்கள். இதெல்லாம் சில்லறை வித்தை. பெரிய வித்தை, அவனுக்கு வேலை தெரியும் என்று காட்டுவதுதான். பூட்டைத் திறக்கிறான், கள்ளக் கையெழுத்துப் போடுகிறான், தடயத்தைத் துடைக்கிறான், எதிலும் பதற்றமே இல்லை. வேலை தெரிந்த கையைப் பார்த்தால் நமக்கு மனசு இளகிவிடும். எங்களோடு ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டார். ஆனால் ரத்தம் எவ்வளவு போய்க் கிடந்தவனுக்கும் முதல் குத்திலேயே வெய்ன் பிடித்துவிடுவார். அவரை யாருக்கும் பிடிக்காது. அவர் லீவில் இருக்கும் ராத்திரிகளில் எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

1955இல் பட்ரீஷியா ஹைஸ்மித் எழுதிய ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ நாவல் முழுக்க இந்த வித்தைதான். டாம் ரிப்ளி கூட்டாளியைப் படகில் வைத்துத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டு, அவன் பெயரிலேயே வாழ ஆரம்பிக்கிறான். போலீஸ் விசாரிக்க வரும்போதெல்லாம், ஐயோ மாட்டிக்கொள்வானோ என்று பதறுவது நாம்தான். செத்தவனை அதற்குள் மறந்தாகிவிட்டது. நாவலில் ரிப்ளி தப்பிவிடுகிறான். 1960இல் பிரெஞ்சில் படமாக்கியபோது முடிவை மாற்றினார்கள். படகைக் கரைக்கு இழுக்கும்போது, அதில் சிக்கியிருந்த பிணமும் பின்னாலேயே வந்துவிடுகிறது. ஹைஸ்மித்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஊர் ஒழுக்கத்துக்காக வைத்தது என்று. இருக்கட்டும். நான் பிணத்தின் கட்சி.

சரி, கைவேலைக்கு வருகிறேன். நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்று, பேனா ஒன்று. படத்தில் யார் செத்தாலும், யாருக்கு அடிபட்டாலும், பெயரை எழுதுங்கள். காஷுவாலிட்டியில் அடிதடி கேஸ் வந்தால் ஏ.ஆர். புக்கில், அதாவது அடிபட்டு வருகிறவர்களின் பதிவேட்டில், பெயர், வயது, கூட்டி வந்தவர், எந்த ஆயுதம் என்று சொன்னார்கள், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் ஏறியாக வேண்டும். டாக்டர் எழுதுவார், நாங்கள் பக்கத்தில் நிற்போம். வாத்தியாரானாலும் ரவுடியானாலும் ஒரே புக், ஒரே கேள்விகள். அந்தப் பழக்கம்தான் இது.

எழுத ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கதையின் லட்சணம் தெரிந்துவிடும். ‘நீலச் சட்டை’, ‘கேட்டில் நின்றவன்’, ‘லாரி டிரைவர்’ என்றே தாள் நிரம்பினால், கதை எழுதியவருக்கு அவர்கள் வெறும் தலைக்கணக்கு. பெயரும், பெயரோடு ஒரு சின்ன விவரமும் எழுத முடிந்தால், நல்ல கையில் இருக்கிறீர்கள் என்று நம்பித் தொடரலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது 1866இல் வந்த ரஷ்ய நாவல். எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘குற்றமும் தண்டனையும்’ என்று தமிழில் கிடைக்கிறது. ரஸ்கோல்னிகோவ் அடகுக்கடைக் கிழவியைக் கொல்வதற்குப் பெரிய சித்தாந்தமே வைத்திருக்கிறான். அந்தக் கிழவியும் இரக்கப்படும்படியான ஆள் இல்லை, அதனால் நாமும் பாதி தலையாட்டிவிடுகிறோம். அந்த நேரம் பார்த்து அவள் தங்கை லிசவேத்தா வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். அவளைக் கொல்ல அவனிடம் சித்தாந்தம் எதுவும் இல்லை, கோடரி மட்டும் இருக்கிறது. ஓங்கும்போது அவள் முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. வெறும் இடது கையைக் கொஞ்சம் தூக்கி, அவனைத் தள்ளி நிற்கச் சொல்வதுபோல முன்னால் நீட்டுகிறாள். அவ்வளவுதான்.

அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். வெட்ட வரும்போது மனுஷன் கையைத்தான் தூக்குவான். எங்களிடம் வருகிற வெட்டுக்காயத்தில் பாதி முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் இருக்கும். காயம் ஆறிவிடும், ஆனால் உள்ளே டென்டன், அதாவது தசைநாண், அறுந்திருந்தால் விரல் மடங்காது. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு வருவார்கள், சட்டைப் பட்டன் போட. படத்தில் நாயகன் எட்டுப் பேரை வெட்டிவிட்டுத் திரும்பி நடப்பான். அந்த எட்டுப் பேரில் ஒருவன் சட்டைப் பட்டனோடு போராடுவதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

மற்ற வைத்தியப் புளுகுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டையில் அடித்து ஒருவனை அரை மணி நேரம் மயக்கத்தில் போட்டால், அவன் எழுந்து தலையைத் தடவிக்கொண்டு போகமாட்டான், சி.டி. ஸ்கேனுக்குத்தான் போவான். வயிற்றில் ஏறிய கத்தியைப் பிடுங்கி எறிவது வீரம் இல்லை. அடைத்துக்கொண்டிருந்த ரத்தம் அப்போதுதான் பீய்ச்சும். குண்டை எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவான் என்பதும் கதை. தொந்தரவு தராத குண்டை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு.

அடுத்து, பிளாஷ்பேக் வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். இந்த வகைக் கதைகளில் பெரிய திருட்டு நடக்கும் இடம் அதுதான். 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. பெண்களைக் கொல்கிறவனாக கமல், கொன்றவர்களைப் புதைத்த இடத்தில் ரோஜாத் தோட்டம். பாரதிராஜா அதுவரை எடுத்தது கிராமத்துக் கதைகள், இதில் நம்மை நடுங்கவைத்தார். இன்றைக்குப் போட்டாலும் கண்ணை எடுக்க மாட்டேன். ஆனால் பிளாஷ்பேக்கில் இவன் இப்படி ஆனதற்கு யாரைக் காட்டுகிறார்கள்? சின்ன வயதில் அவன்மேல் வீண்பழி போட்ட பெண், வளர்த்தவருக்குத் துரோகம் செய்த மனைவி. பெண்களைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்லப் பெண்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்று புருஷன் வீட்டார் தூக்கி வந்த எத்தனையோ பெண்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவன் இப்படி ஆனதற்குக் காரணம் சொல்லலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழியைச் செத்தவள் தலையில் கட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இந்த விஷயத்தில் ‘மங்காத்தா’ எனக்குத் தேவலை. 500 கோடி சூதாட்டப் பணம், பணத்துக்காக யாரையும் போட்டுத்தள்ளத் தயாரான போலீஸ்காரன். ஏன் இப்படி ஆனான் என்று ஒப்பாரி வைக்கவில்லை, ஆசை, அவ்வளவுதான். குறை வேறு இடத்தில். அது அஜித்துக்கு 50ஆவது படம். ஸ்டார் நடந்து வந்தால் ஸ்லோமோஷன், இசை, விசில், நானும்தான் கைதட்டினேன். கைதட்டும் நேரத்தில் தாளில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.

எப்போது நிறுத்துவது? பெண்ணையோ குழந்தையையோ வதைப்பதை கேமரா விடாமல் காட்டி, அழுவது யார் என்றுகூட நமக்குத் தெரியாவிட்டால் நான் அணைத்துவிடுவேன். முடிவு தெரியாமல் தூக்கம் வராதே என்றால் மறுநாள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது.

படம் முடிந்ததும் உடனே படுக்காதீர்கள். தாளை எடுத்துப் படித்து, இந்தப் பெயர்களுக்கு மறுநாள் காலை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் அனுமதி வந்தது, ஆனால் கொலை கேஸ் என்றால் பொதுவாக விடியத்தான் வேண்டும். மார்ச்சுவரி வாசலில் அம்மாக்காரி உட்கார்ந்திருப்பாள், யாரோ வாங்கிக்கொடுத்த டீ ஆறிப்போயிருக்கும்.

போன வாரம் தாளை டிவி மேலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, மளிகை லிஸ்ட்ல செல்வம், முருகேசன், மீன்காரம்மான்னு எழுதியிருக்கியே, யார் இவங்கல்லாம்?”