பிள்ளையின் கோபத்தை ஒரு நாளில் எடை போடாதீர்கள்

காட்பாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அடிக்கடி கேட்பது இதுதான்: "டீச்சர், இது வயசுக் கோளாறா, இல்ல வேற ஏதாவதா?" கேட்பது நல்லது. பதிலைத் தேடும் விதத்தில்தான் தவறுகிறோம்.

மனச்சோர்வு என்றதும் அழுகையைத் தேடுகிறோம். பதின்வயதில் அது எரிச்சலாகவும் வரும். மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடே, இந்த வயதில் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. என் அண்ணன் மகள் பத்தாவது படிக்கும்போது எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுவாள், சாப்பிடும்போதே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க அண்ணி" என்று நானே சொன்னேன். அவள் படம் வரைவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஞாயிறு தோறும் வரும் தோழியும் வருவதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது நாள் கணக்கு. பரீட்சைக்கு முந்தைய நாள் போட்ட சண்டையையோ, அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய்த் தூங்காத ராத்திரிக்கு மறுநாள் வந்த சிடுசிடுப்பையோ வைத்து முடிவு கட்டாதீர்கள். 2 வாரமாவது, பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறதா, கூடவே தூக்கம், பசி, படிப்பு, பிடித்த விஷயங்கள் எல்லாம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் தினம் நாலு வரி எழுதி வைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. ஒப்பிடுவதானால் அந்தப் பிள்ளை முன்பு இருந்த விதத்தோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வேண்டாம்.

ஒரே நாளில் நாலு முறை மூட் மாறினால் உடனே "பைபோலார்", அதாவது மனச்சோர்வும் மேனியாவும் வந்து வந்து போகும் நோய், என்று பெயர் வைப்பதும் தப்பு. மேனியா என்பது அளவு மீறிய உற்சாகமோ எரிச்சலோ பொங்கும் நிலை, அது பொதுவாக 1 வாரமாவது நீடிக்கும், அதன் லேசான வகைக்கே 4 நாள் கணக்கு. மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பான், ஆனாலும் களைப்பே இல்லாமல் ஓயாமல் பேசுவான், பெரிய பெரிய திட்டம் போடுவான். அப்படி ஒரு காலம் இருந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் பிரச்சினை வரும் என்று பயந்து சில வீடுகளில் மறைத்துவிடுகிறார்கள். அது தெரியாமல் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும்.

மொபைலில் கேள்விகளுக்குப் பதில் போட்டு வரும் மார்க் நோயை முடிவு செய்யாது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும்தான் சொல்லும். தைராய்டு, ரத்தசோகை, போதைப்பழக்கம் இவையும் மனநிலையை ஆட்டிவைக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுங்கள்.

மனநோய் தீர வேண்டிக்கொண்டு சோளிங்கர் கோயிலுக்குப் போய் தக்கான் குளத்தில் குளித்து மலையேறி வருவது நம் பக்கத்து வழக்கம். தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் பிள்ளையிடம் டாக்டர் தனியாகப் பேச விடுங்கள், அம்மா அப்பா எதிரில் எந்தப் பிள்ளையும் முழுசாகச் சொல்லாது.

அப்புறம், சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. "உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்தெல்லாம் பூட்டி வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடுராத்திரியாக இருந்து, என்ன செய்வது என்று புரியாவிட்டால், அரசின் மனநல உதவி ஃபோன் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.