இடிமேகங்களையும் மின்னலையும் படமெடுக்கும் முறை

மழை கொட்டும் இடத்தின் நடுவே நின்று எடுக்கும் படத்தில் சாம்பல் நிறத் திரையைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. இடிமேகம் பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்கும் மேலே எழும்புவதால், தட்டையாகப் பரந்த அதன் உச்சியும் அடியில் இறங்கும் மழைத்தாரையும் ஒருசேரப் படத்தில் அடங்க வேண்டுமானால், பல கிலோமீட்டர் விலகி, அடிவானம் மறையாமல் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். சூரியன் நம் முதுகுப்புறமாகத் தாழ்ந்திருக்க, மேகம் எதிர்த்திசையில் இருந்தால் அதன் மடிப்புகளில் வெளிச்சம் விழும். ஆகவே மாலை நேரமானால் கிழக்கே நகர்ந்து செல்லும் மேகத்தையே நாட வேண்டும். மழை விட்டதும் மூட்டை கட்டிவிடுபவர்கள் மிகச் சிறந்த ஒளியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. வானவில்லும் அப்போதுதான் தோன்றும். அதன் ஆரம் சுமார் 42 பாகை என்பதால், முழு வில்லும் அடங்குவதற்கு ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 20 மி.மீ. அல்லது அதைவிட அகன்ற லென்ஸ் தேவைப்படும். எதிரொளிப்பைக் குறைக்கும் சுழல் வடிகட்டியான போலரைசரை லென்ஸில் போட்டிருந்தால் அதை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு கோணத்தில் அது வில்லையே அழித்துவிடும்.

வானத்தின் பிரகாசமான பகுதி வெளுத்துப் போகாதபடி ஒளியளவை அமைத்து, சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்க வேண்டும். நிழலில் மங்கிய நிலப்பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்டெடுக்கலாம். முற்றிலும் வெளுத்த மேகத்தை மீட்க வழியில்லை. கேமராத் திரை ஏமாற்றும் என்பதால் ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையே நம்ப வேண்டும்.

மின்னலை எடுக்கத் தொடங்குபவர்கள் பலர் ஷட்டர் நேரத்தையே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள்ளேயே முடிந்துவிடுவதால், இரவில் ஷட்டர் 10 நொடி திறந்திருந்தாலும் 30 நொடி திறந்திருந்தாலும் மின்னற்கோட்டின் பிரகாசம் மாறாது. பின்னணியின் வெளிச்சம்தான் கூடும். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை லென்ஸின் திறப்பும், ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவும் ஆகும். ஐஎஸ்ஓ 100, திறப்பு எஃப் 8 (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிதாகும்) என்று தொடங்கி, மின்னல் தொலைவில் மங்கலாக இருந்தால் எஃப் 5.6க்கும், கண்ணைக் கூசச் செய்தால் எஃப் 11க்கும் மாற்றிக்கொள்ளலாம். தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு விளக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸைக் கையால் அமைப்பதே நல்லது, ஏனெனில் பல லென்ஸ்களில் வளையத்தைக் கடைசி வரை திருப்பினால் அது மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் நிலையான முடிவிலியையும் தாண்டிவிடும். நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொள்ளும், நல்ல மின்னல் அந்த நேரம் பார்த்துத்தான் வெட்டும். ரிமோட்டின் பொத்தானைப் பூட்டி, இடைவிடாமல் எடுக்கும்படி விட்டுவிடுவதே எளிய வழி. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களைத் தாழ்த்தி அகலமாக ஊன்றினால் காற்றுக்கு ஆடாது. பகலில் இவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்துவைக்க இயலாது என்பதால், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரோ, மின்னல் ஒளியை உணர்ந்து கேமராவை இயக்கும் டிரிகரோ வேண்டியிருக்கும்.

இடியோசை காதில் விழுகிறது என்றாலே மின்னல் தாக்கக்கூடிய தொலைவுக்குள் இருக்கிறோம் என்று பொருள். ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு ஏறத்தாழ கிலோமீட்டரில் கிடைக்கும். ஆயினும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வெளியே நிற்பதை நியாயப்படுத்தக் கூடாது. உலோகக் கூரையுள்ள காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அல்லது கட்டடத்துக்குள் சன்னல் வழியாக எடுக்க வேண்டும். கண்ணாடியில் நம் பிரதிபலிப்பு விழாமலிருக்க உள்விளக்குகளை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்தால் போதும். தனிமரத்தின் அடியும் குன்றின் உச்சியும் அறவே ஆகாதவை. கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே ட்ரைபாடை வெளியே எடுத்துச் செல்லலாம்.