நெருஞ்சியை அடையாளம் காண்பது எப்படி? கல்லடி மணலில் ஒரு காலை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்த எல்லாருக்கும் நெருஞ்சி முள்ளைத் தெரியும். அதன் பூ என்ன நிறம் என்று கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு மாசி மாதக் காலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போகும் வழியில் சைக்கிள் டயர் காற்றுப் போய், குனிந்து முள்ளைத் தேடியபோதுதான் தரை முழுக்க மஞ்சள் பூ விரிந்திருப்பதைப் பார்த்தேன். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் முளைக்கும் அதே செடி எங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணலிலும் படர்ந்து கிடக்கிறது. தாவரங்களை அடையாளம் காணப் பழகுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் இதன் அடையாளங்கள் தெளிவானவை, தேடி அலையவும் வேண்டாம்.

தேவையானவை: அடிமட்டம், கொப்பி, பென்சில், கமெரா உள்ள போன். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. தடித்த அடியுள்ள செருப்பு கட்டாயம்.

படி 1: காலையில் போங்கள்

மாரி வெளுத்து, தை, மாசி வெயில் ஏறத் தொடங்கும் நாட்கள்தான் நான் பார்த்தவரை இதற்குத் தோது. நெருஞ்சிப் பூ காலையில் விரிந்து வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு மூடிக்கொள்ளும், ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். பின்னேரம் போய்விட்டு "பூவே இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஏழரை, எட்டு மணி சரி. கோயில் வெளி, மைதானத்தின் ஓரம், வீதிக்கரை, வெறும் வளவு, இப்படி மிதிபடுகிற, நிழல் இல்லாத மணல்தரையில் தேடுங்கள்.

படி 2: நின்றபடி முழுச் செடியையும் பாருங்கள்

உடனே பூவுக்குக் குனிய வேண்டாம். நடுவில் ஒரு ஆணிவேர், அதிலிருந்து நாலாபக்கமும் தரையோடு ஒட்டி ஓடும் தண்டுகள், சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி. நன்றாக வளர்ந்த செடியில் ஒரு தண்டே ஒரு மீற்றருக்கு மேல் போகும். தண்டில் மெல்லிய மயிர்கள் இருக்கும், கணுக்களில் வேர் விடாது. அதனால் நடுவேரைப் பிடித்துத் தூக்கினால் முழுச் செடியும் ஒரு பாய் மாதிரி எழும்பி வரும். அடம்பன் கொடியை இப்படித் தூக்க முடியாது, அது கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 3: இலை. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

பலர் இலையைத் தாண்டிப் பூவுக்குப் போய்விடுகிறார்கள், அது பிழை. பூ ஒரு காலைக்குத்தான், இலை எப்போதும் இருக்கும். இது கூட்டிலை, அதாவது ஒரு காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும். எண்ணுங்கள்: பெரும்பாலும் 4 முதல் 8 சோடி. நுனியில் தனியாக ஒரு சிற்றிலை இருக்காது, சோடியோடு முடிந்துவிடும்.

அடுத்து, ஒரு கணுவைத் தெரிவு செய்து அதில் எதிரெதிராக உள்ள இரண்டு இலைகளையும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒன்று நீளம், மற்றது குட்டை. சில கணுக்களில் குட்டை இலை நீள இலையின் பாதியளவுகூட வராது. செடியில் ஏதோ குறை என்று முதலில் நினைத்தேன், பத்துக் கணு அளந்த பிறகுதான் இதுவே நெருஞ்சியின் குணம் என்று புரிந்தது. பூவும் காயும் இல்லாத நாளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிற்றிலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் வெள்ளி மயிர்கள் படிந்திருக்கும்.

வேலை செய்யும் விதத்திலும் இந்த இலை வெயிலுக்கு ஏற்றது. சோளம், கரும்பு போலவே நெருஞ்சியும் சி4 என்ற முறையில் ஒளித்தொகுப்புச் செய்கிறது. இந்த முறையில் கொஞ்ச நீரைச் செலவழித்தே கடும் வெயிலிலும் உணவு தயாரிக்க முடியும், அதனால்தான் கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் இது பச்சையாகத் தெரிகிறது.

படி 4: பூ

இலைக் கக்கத்தில் தனித்தனியாகப் பூக்கும். 5 புல்லி, 5 அல்லி, எலுமிச்சை மஞ்சள் நிறம், நடுவில் 10 மகரந்தத் தாள்கள். விரிந்த பூவே ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஞாயிற்றைப் பார்த்துத் திரும்பும் பூ என்று தமிழில் காலங்காலமாகச் சொல்வார்கள். எட்டு மணிக்கு ஒரு படம், பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: காயை உடைத்துப் பாருங்கள்

பச்சைக் காயில் முள் இன்னும் இறுகியிருக்காது, கவனமாகப் பிடிக்கலாம். முற்றிய காய் 5 துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், கீழே இரண்டு சிறிய முள். ஒரு துண்டை மணலில் போட்டுப் பாருங்கள், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். முன்காலத்தில் குதிரைப் படையை மறிக்க வழியில் இறைத்த இரும்பு முள்ளும் இதே வடிவம்தான். அந்த ஆயுதத்தின் கிரேக்கப் பெயரிலிருந்துதான் நெருஞ்சியின் அறிவியல் பெயரில் உள்ள 'டிரிபுலஸ்' வந்தது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட முழுப்பெயர் டிரிபுலஸ் டெரெஸ்டிரிஸ். குடும்பம் சைகோபில்லேசி.

படி 6: மாறிப்போகும் செடிகள்

தொட்டாற்சுருங்கியின் முள் தண்டில் இருக்கும், பூ இளஞ்சிவப்புப் பந்து, அதில் குழப்பம் வராது. பருப்புக்கீரையின் பூவும் ஐந்து இதழ் மஞ்சள்தான், ஆனால் தண்டும் இலையும் சதைப்பற்றாக, வழுவழுப்பாக இருக்கும், முள் இல்லை.

உண்மையான குழப்பம் ஆனை நெருஞ்சியோடுதான், பெயரே அப்படி. நம் கரையோர மணலில் அதுவும் உண்டு. உறவு கிடையாது, ஆனை நெருஞ்சி எள்ளின் குடும்பம். அதன் இலை தனியிலை, ஓரம் பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பூ மஞ்சளானாலும் நீண்ட குழல் வடிவம். காய் துண்டாகப் பிரியாது, அடிப்பக்கத்தில் 4 முள்ளோடு கூம்பு போல நிற்கும். இன்னும் சந்தேகமா, ஒரு கொப்பைப் பிடுங்கி ஒரு குவளைத் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். தண்ணீர் கொழகொழவென்று ஆனால் அது ஆனை நெருஞ்சி.

இரண்டும் நாட்டு மருந்தில் சேர்கிற செடிகள், அதனால் "இதைக் குடிக்கலாமா" என்று நிச்சயம் கேட்பார்கள். செடியை அடையாளம் காணத் தெரிவது வேறு, மருந்தும் அளவும் தெரிவது வேறு, அதை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சியை அதிகம் மேய்ந்த செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் முகம் வீங்கிப் போகிற நோய் வருவதுண்டு.

படி 7: பதிவு

முழுச் செடி, அடிமட்டத்தோடு ஒரு இலைச் சோடி, பூ நேராக, காய் பக்கவாட்டில், நாலு படம் போதும். திகதி, இடம், மண், நேரம் எழுதுங்கள். செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்துவதானால் பூவின் நிறத்தை அன்றே எழுதிவிடுங்கள், காய்ந்தால் வெளிறிப்போகும். நம் கரையோர ஈரக்காற்றில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், என் முதல் செடி அப்படித்தான் பழுதானது. முற்றிய காய்களைத் தாளுக்குள் வைக்காமல் தனி உறையில் போடுங்கள்.

அப்புறம், ஒரு முட்துண்டை உடைக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சட்டி மணலில் புதைத்து வையுங்கள். அதற்குள் 2 முதல் 5 வரை விதைகள் இருக்கும், ஆனால் எல்லாம் ஒன்றாக முளைக்காது. பெரிய விதைதான் முதலில் முளைக்கும், மற்றவை உறங்கிக் கிடக்கும். முதல் நாற்று வெயிலில் கருகினாலும் அடுத்த மழைக்கு இன்னொன்று மிச்சம் இருக்கும். முதல் முளை வந்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். அந்த நாற்று செத்துப்போனாலும் சட்டியைக் கொட்டிவிடாமல் அடுத்த மாரி வரைக்கும் வைத்திருங்கள்.