பச்சைத் திரையிலிருந்து பிரவுசருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பெனிக் கணக்குகளுக்கான ஏஎஸ்/400 மெஷினை ஐபிஎம் வெளியிட்டது 1988-ல். பெயர் பலமுறை மாறி, அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் இப்போது ‘ஐபிஎம் ஐ’. அன்று ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய புரோகிராம் இன்றும் அதில் ஓடும். அதனால்தான், பச்சை எழுத்து மட்டுமே காட்டும் பழைய டெர்மினலை, அதாவது பச்சைத் திரையைக் கழற்றிவிட்டு பிரவுசரை மாட்டினால் வேலை முடிந்தது என்று புதிதாக வரும் ஒவ்வொரு டீமும் நம்பி, எல்லோரும் விழுந்த அதே குழியில் விழுகிறது. பேக்கப் எடுக்காதது, பாஸ்வேர்டை ஒட்டி வைப்பது இதெல்லாம் இங்கே வேண்டாம். அதற்குத் திட்ட ஆள் இருக்கிறது. யாரும் திட்டாமலே நழுவிப்போகும் தவறுகளைப் பார்ப்போம்.

ரெக்கார்டு பூட்டு

பழைய புரோகிராம் ஒரு ஐட்டத்தைத் திருத்துவதற்காகப் படிக்கும்போதே அந்த ரெக்கார்டைப் பூட்டிவிடும். ஆபரேட்டர் திரையை அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போனாலும் பூட்டு கிடக்கும். அதே ஐட்டத்தை இன்னொருவர் திறந்தால், காத்திருக்கும் நேரத்தை மாற்றாத ஃபைலில் 60 வினாடி காத்திருந்துவிட்டு 1218 என்ற பிழையோடு நிற்கும். நாலு பேர் ஒரே ஹாலில் உட்காரும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இதற்கு வைத்தியம், “யாருங்க அந்த ஐட்டத்தத் தொறந்து வெச்சிருக்கறது?” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பிரவுசரில் அந்தச் சத்தம் எடுபடாது. பூட்டோடு பக்கத்தை அனுப்பினால், ஆள் டேபை மூடிவிட்டுப் போனதே சர்வருக்குத் தெரியாது. டைம்அவுட் ஆகும்வரை ஐட்டம் மாட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரமே புகார் குவியும். உடனே ஒரு கெட்டிக்காரர் ரெக்கார்டைப் படிக்கும் ‘செயின்’ கட்டளையோடு ‘என்’ சேர்த்து, பூட்டாமல் படிக்க வைத்துவிடுவார். புகார் நிற்கும். நஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.

ஜவ்வரிசி இருப்பு 60 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் ஒருவர் திறக்கிறார், 60. கிளையில் இன்னொருவர் திறக்கிறார், அவருக்கும் 60. முதலாமவர் 40 விற்று 20 என்று சேமிக்கிறார். அடுத்தவர் 35 விற்று 25 என்று சேமிக்கிறார். இருந்ததே 60, விற்றது 75, ஃபைல் காட்டுவது 25. எந்த லாகிலும் ஒரு பிழை இருக்காது. லாரி வந்து நிற்கும்போதுதான் மூட்டை இல்லை என்று தெரியும். பழி குடோன்காரர் தலையில் விழும். எழுதியவரை யாரும் கேட்பதில்லை. இந்தத் தவறில் ஆறாத எரிச்சல் அதுதான்.

சரியான வழி இது. திரைக்குக் காட்டப் பூட்டாமலே படியுங்கள். கூடவே அந்த ரெக்கார்டு கடைசியாக மாறிய நேரத்தையும் எடுத்துவையுங்கள். சேமிக்கும் நொடியில் மட்டும் பூட்டிப் படித்து, அந்த நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் எழுதாமல் விட்டு, புதிய இருப்பைக் காட்டுங்கள். இருப்பு போன்ற எண்ணில் ‘20 ஆக்கு’ என்று எழுதவே கூடாது; ‘40 கழி, ஆனால் 40-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும்’ என்று ஒரே எஸ்க்யூஎல் வாக்கியமாக எழுதி, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சரக்கு போதவில்லை.

மாறிய நேரத்தைத் தானே பதியும் நெடுவரிசை, ஐபிஎம் ஐ 6.1 முதல் உண்டு. அதைச் சேர்த்ததும் பழைய புரோகிராம்கள் சிபிஎஃப்4131 லெவல் செக் (ஃபைலின் ஃபார்மட் மாறிவிட்டது என்ற தடுப்பு) என்று விழும். சிலர் உடனே லெவல் செக்கையே அணைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். நாளைக்கு யாராவது நடுவில் ஒரு ஃபீல்டைச் செருகினால், தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் எழுத்து வந்து உட்காரும். புது டேபிளுக்கு வேறு பெயர் வைத்து, பழைய பெயரிலும் பழைய ஃபார்மட்டிலும் ஒரு லாஜிக்கல் ஃபைல் (டேபிளைப் பழைய வடிவில் காட்டும் ஜன்னல்) போட்டால், பழைய புரோகிராம்கள் எதையும் உணராமல் ஓடும்.

சோதிக்கும்போது இரண்டு பிரவுசர், இரண்டு ஆள், ஒரே ஐட்டம். தனியாளாக எத்தனை நாள் சோதித்தாலும் இது மாட்டாது.

ஃபங்ஷன் கீ

எஃப்12 பச்சைத் திரையில் ‘ரத்து’. பல பிரவுசர்களில் அது டெவலப்பர் கருவியைத் திறக்கும். பில் போடுபவர் பயந்துபோய் போன் செய்வார். எஃப்5 இன்னும் மோசம்: சேமித்த பக்கத்தில் அழுத்தி, வரும் எச்சரிக்கைக்கும் சரி என்று தட்டிவிட்டால் அதே பில் இரண்டாம் முறை போகும். கீயைப் பிரவுசருக்கு முன்பே பிடித்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். பழகிய கை திரையைப் பார்க்காது. அடுத்த பக்கம் வருவதற்குள் தட்டிய எழுத்துகளை 5250 எனப்படும் பச்சைத் திரை சேர்த்து வைத்துக்கொள்ளும், பிரவுசர் தொலைத்துவிடும். ஆகவே வரி வரியாகச் சேர்க்கும் பில்லை ஒரே பக்கத்தில் முடியுங்கள்.

க்யூடெம்ப்

தற்காலிக ஃபைல்களுக்கான இடம் இது; ஒவ்வொரு ஜாபுக்கும் தனித்தனி. இணைப்புகளைப் பகிர்ந்தால் ஒருவர் போட்ட தற்காலிக ஃபைல் அடுத்தவர் கணக்கில் தலைகாட்டும்.

தமிழ்ப் பெயர்கள்

பிரவுசர் வந்ததுமே பெயரைத் தமிழில் அடிக்கக் கேட்பார்கள். பழைய ஃபீல்டின் எழுத்துக் குறியீட்டு எண் (சிசிஎஸ்ஐடி) 37 என்றால் அதில் தமிழ் எழுத்தே கிடையாது; சேமித்ததும் மாற்றுக்குறியாகி, மூலம் திரும்பி வராது. 1208-க்கு, அதாவது யூடிஎஃப்-8-க்கு மாற்றினால் போதும் என்றால் நீளத்தையும் பாருங்கள். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்: ‘சேலம்’ 15, ‘வெள்ளிக்கொலுசு’ 42. முப்பது பைட் ஃபீல்டில் கொலுசு பாதியில் அறுந்துபோகும்.

மலை மேல் வேகம்

பச்சைத் திரை முழுவதும் 24 வரி, வரிக்கு 80 எழுத்து; பெருக்கினால் 1,920. மழையும் மூடுபனியுமான ஏற்காட்டிலும் அது போய்ச் சேரும். கனத்த படமும் எழுத்துருவும் உள்ள பக்கத்தை, பறிப்புக் காலத்தில் மாலை எடை பதியும்போது எஸ்டேட்டிலிருந்தே திறந்து பாருங்கள், சேலம் ஆபீஸ் வைஃபையில் வேண்டாம்.