ஜப்பானில் சாதாரணக் கடையில் சாப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜப்பானுக்குக் கிளம்பும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எனக்குச் சாப்ஸ்டிக் பிடிக்கவே வராதே, என்ன செய்வது?" என்பதுதான். ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். கேட்டால் பல கடைகளில் ஃபோர்க் தருவார்கள். டோக்கியோவில் இருந்த காலத்தில் நான் அசடு வழிந்ததெல்லாம் வேறு விஷயங்களில். பெரிய ஓட்டல்களைச் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும். 1000 யென் சுமாருக்கு வயிறு நிறைகிற ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடை, பெல்ட்டில் தட்டு ஓடும் சுஷி கடை, சாயங்காலம் நாலு பேர் கூடி உட்கார்ந்து குடித்துக் கொறிக்கும் இஸகாயா, இங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

தடுமாற்றம் வாசலிலேயே தொடங்கும். நம் ஊர் செல்ஃப் சர்வீஸ் ஓட்டலில் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்குவோம் இல்லையா, ராமென் கடைகள் பலவற்றில் அந்த வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. அதைப் பார்க்காமல் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டு மெனு கார்டு வரும் என்று காத்திருப்பது முதல் தவறு. இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பது இரண்டாவது. எனக்கு நடந்தது இது: மதியம் பன்னிரண்டரை மணி, பின்னால் ஏழெட்டுப் பேர். பட்டனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் காசு, பிறகுதான் பட்டன் என்று பின்னால் நின்றவர் சைகையில் காட்டினார். சரி என்று மொடமொடப்பான புது 1000 யென் நோட்டை நீட்டினேன். உள்ளே போன நோட்டு அப்படியே வெளியே வந்தது. திருப்பிப் போட்டேன், மறுபடியும் வந்தது.

குற்றம் நோட்டின் மேல்தான். 2024 ஜூலை 3 அன்று ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. 1000 யென்னில் அதுவரை நோகுச்சி ஹிதேயோ இருந்தார். இப்போது கிட்டசாட்டோ ஷிபாசபுரோ. இருவருமே கிருமிகளை ஆராய்ந்தவர்கள் என்பது கொசுறுத் தகவல். இயந்திரத்தை மாற்றவோ திருத்தவோ நிறையச் செலவாகும் என்பதால் சின்னக் கடைகள் பல பழசையே வைத்துக்கொண்டிருந்தன. அதனால் பர்ஸில் கொஞ்சம் 100 யென் நாணயங்களும், கிடைத்தால் ஒன்றிரண்டு பழைய நோட்டுகளும் இருக்கட்டும். 10,000 யென் நோட்டைப் பல இயந்திரங்கள் தொடவே தொடாது. கடைக்கு வெளியே படம் ஒட்டியிருப்பார்கள், வரிசையில் நிற்கும்போதே பார்த்து முடிவு செய்துவிடுங்கள். ஒன்றும் புரியவில்லையா, மேல் வரிசையில் இடது ஓரத்துப் பட்டனை அழுத்துங்கள். அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்த ஐட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம், சில இயந்திரங்களில் நெம்புகோலை அழுத்தினால்தான் மீதிச் சில்லறை விழும். விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

உட்கார்ந்த பிறகு செய்யும் பெரிய தவறு, எழுந்திருக்காமல் இருப்பது. கவுன்ட்டரில் மொத்தமே எட்டுப் பத்து இருக்கைகள் இருக்கும். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கை கழுவப் போகாமல் இலைக்கு முன்னால் கதை பேசிக்கொண்டிருப்போமா? அதே கணக்குத்தான். இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் என்று பங்கு போடுவதும் அந்தக் கடைகளில் எடுபடாது, ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். நாலு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வாசலில்தான் நிற்க வேண்டிவரும். ராமெனைச் சத்தமாக உறிஞ்சலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஃபுகுவோகா நகரத்து ஹகாதா பாணிக் கடையில் பசி அடங்காவிட்டால் 'காயேதமா' என்று நூடுல்ஸ் மட்டும் இன்னொரு முறை வாங்கலாம். அதற்குச் சூப்பை மிச்சம் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் கேட்டால் வெறும் நூடுல்ஸைத்தான் மென்றுகொண்டிருக்க வேண்டும்.

சாதக் கிண்ணத்தையும் மிசோ சூப் கிண்ணத்தையும் இடது கையால் தூக்கி வாயருகே கொண்டுபோக வேண்டும். நமக்கு இது கூசும். சாப்பாட்டில் இடது கை படக்கூடாது என்று வளர்ந்த கையல்லவா! ஆனால் கிண்ணத்தை மேசையிலேயே விட்டுவிட்டு முகத்தைக் குனிந்து சாப்பிடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இனுகுய்', அதாவது நாய்த் தீனி. மிசோ சூப்புக்கு ஸ்பூன் தேடாதீர்கள், கிண்ணத்திலிருந்து அப்படியே குடிப்பதுதான் முறை.

சாப்ஸ்டிக்கில் இரண்டே இரண்டு விஷயங்கள்தான் உண்மையிலேயே உறுத்தும். சாதத்தில் அதைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது ஒன்று; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது இன்னொன்று. தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கைமாற்றி கலசத்தில் போடும் சடங்கு அங்கே உண்டு. நம் சஞ்சயனத்தை நினைத்துப் பாருங்கள், ஏன் கூடாதென்று புரியும்.

எச்சில் விஷயத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஒசாகாவின் ஷின்செகாய் பகுதியில் 'குஷிகாட்சு' பிரபலம். இறைச்சியையும் காய்கறியையும் குச்சியில் செருகி மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். கவுன்ட்டரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாஸ் பாத்திரம். கடித்த பிறகு மறுபடி முக்கக்கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருப்பார்கள். சாஸ் போதவில்லை என்றால் கூடவே தரும் முட்டைக்கோஸ் துண்டால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம், அதுவும் கடிக்காத துண்டால். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் பாட்டிலுக்கு மாறிவிட்டன.

பெல்ட் சுஷி கடையிலும் இதே நியாயம்தான். ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் பெல்ட்டில் பாட்டில்கள் ஓடுவதைப் பார்த்து, 1958இல் ஒசாகாவை ஒட்டிய ஊரில் இந்தப் பாணிக் கடையைத் தொடங்கினார். தொட்ட தட்டை எடுத்தே ஆக வேண்டும், திரும்ப வைக்கக்கூடாது. 2023 ஜனவரியில் ஒரு பையன் மேசையில் இருந்த சோயா சாஸ் பாட்டிலை நக்கும் வீடியோ பரவி நாடே கொதித்தது. இப்போது பெரிய கடைகளில் திரையைத் தொட்டு ஆர்டர் செய்தால் உங்கள் தட்டு தனியாக உங்கள் மேசைக்கே ஓடிவருகிறது. மேசையோரம் ஒரு சின்னக் குழாய் இருக்கும்; கை கழுவ என்று நினைத்து நீட்டிவிடாதீர்கள், கொதிநீர்! பச்சைத் தேநீர்ப் பொடியைக் கோப்பையில் போட்டு அதில் பிடித்துக்கொள்ள வேண்டும். சுஷியைச் சோயா சாஸில் தொடும்போது மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்துவிடும்.

இனி சைவம் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தத் தவறு தெரியாமலே நடக்கும். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். கடைக்காரர் காதில் விழுவது "துண்டு வேண்டாம்" என்பது மட்டும்தான். ஜப்பானியச் சமையலின் அடி, 'தாஷி' என்கிற சாறு. அதைப் பெரும்பாலும் 'காட்சுஓபுஷி' போட்டுத்தான் எடுக்கிறார்கள். இலங்கைச் சம்பலில் இடித்துப் போடுகிறார்களே மாசிக் கருவாடு, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் இது. அதே சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டை போலக் காயவைத்தது. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் சாறு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுவது, தோசைக்கல்லில் சுடும் ஒகோனோமியாகியின் மாவு, எல்லாவற்றிலும் இருக்கும். வெறும் டோஃபு கேட்டாலும் மேலே அந்தச் சீவலைத் தூவிக் கொண்டுவருவார்கள். எனவே "தாஷி இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இருக்கிறது என்றால் அதை மட்டும் எடுத்துவிடச் சொல்ல முடியாது, காலையிலிருந்தே கொதிக்கிற பானை அது. வெள்ளரிக்காய் சுஷி, எடமாமே என்கிற அவித்த பச்சை சோயா, வெறும் சாதம் இவை பெரும்பாலும் கிடைக்கும். கோகோ இச்சிபன்யா என்ற தொடர் உணவகத்தின் பல கிளைகளில் சைவக் குழம்பு உண்டு. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் என்ற முழு சைவ ராமென் கடை இருக்கிறது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் க்யூடான் கடைப் பக்கம் போக வேண்டாம், 'க்யூ' என்றாலே மாடுதான். 'டொன்கொட்சு' ராமென் என்றால் பன்றி எலும்புச் சாறு.

இஸகாயாவில் உட்கார்ந்ததுமே, கேட்காமல் ஒரு சின்னக் கிண்ணம் வரும். 'ஓதோஷி' என்பார்கள். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, பில்லில் தலைக்கு 300, 500 யென் ஏறியிருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்த இடத்துக்கான காசு அது. ஆளுக்கு ஒரு பானமாவது சொல்ல வேண்டும், குடிக்காதவர்கள் ஊலாங் டீ சொல்லலாம். பணியாளர் தானாக வருவார் என்று காத்திருந்தால் விடிந்துவிடும், "சுமிமாசென்!" (மன்னிக்கணும்) என்று உரக்கக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. பொதுத் தட்டில் வரும் பொரித்த கோழிமேல் யாரையும் கேட்காமல் எலுமிச்சை பிழியாதீர்கள். அவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. கழிவறைக்கென்று தனியாக வைத்திருக்கும் செருப்போடு மேசைக்குத் திரும்பி வருவது வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்வது. நானும் செய்தேன்.

பில் மேசைக்கே வந்துவிடும், கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு வாசல் கல்லாவுக்குப் போய், பணத்தைக் கையில் கொடுக்காமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் வேண்டாம். 200 யென்னை மேசையில் விட்டுவிட்டு வந்த என்னைத் தேடி, ஏப்ரன் கட்டிய ஒரு பையன் சிக்னல் வரை ஓடிவந்தான். மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். கிளம்பும்போது "கோச்சிசோசாமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே சமைப்பவர்வரை பதில் குரல் வரும்.

மழை நாளென்றால் இன்னொன்று. வாசலில் இருக்கும் குடைத் தொட்டியில் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான வெள்ளை பிளாஸ்டிக் குடைகள். உங்கள் குடையின் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள். நான் இரண்டு முறை யாருடைய குடையையோ பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.