சிங்கப்பூர் நேரம் 6:55 என்று காட்டினால்: பிழைப் புகாருக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 10 மணிக்கு முன்பதிவு செய்தவருக்கு 11:05 என்று நினைவூட்டல் போனது. ஒரு கிளினிக்குக்காக நாங்கள் எழுதிய மென்பொருள் அது. பைத்தான் நிரல்மொழியில் நேரமண்டலங்களைக் கையாளும் பைடிஇசட் (pytz) லைப்ரரியில் சிங்கப்பூர் மண்டலத்தைப் பார்த்தேன். உலகப் பொது நேரத்தைவிட (UTC) 8 மணி முன்னால் என்று காட்டும் +8:00 இருக்க வேண்டிய இடத்தில் +6:55. "சிங்கப்பூர் நேரமே தப்பு" என்று தலைப்பு வைத்து அன்றிரவே அந்த லைப்ரரியைப் பராமரிப்பவருக்குப் புகார் போட்டுவிட்டேன்.

முதல் தவறு அந்த அவசரம். இன்னொரு மண்டலத்தையாவது முயன்றிருக்கலாம். இந்திய நேரத்துக்கான கொல்கத்தாவைக் கொடுத்திருந்தால் +5:30க்குப் பதில் +5:53 வந்திருக்கும். கோளாறு சிங்கப்பூரில் இல்லை என்று அப்போதே புரிந்திருக்கும்.

மறுநாள் தேக்கா பக்கம் கோப்பிக்கடையில் அலுவலக அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். "தம்பி, 1982க்கு முன்னாடி இங்க பிறந்தவங்களுக்கு ஜாதகம் கணிக்கிறப்ப ஏழரை மணி கணக்கை எடுப்பாங்க, தெரியுமா?" என்றார். தெரியாது. போய்ப் படித்தேன்.

சிங்கப்பூர் ஏறத்தாழ 103.85 பாகை கிழக்கில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 6 மணி 55 நிமிடம் சொச்சம் வரும். 1905 வரை ஊரின் கடிகாரம் அந்தக் கணக்கில்தான் ஓடியது. பிறகு +7:00, 1930களில் +7:20, 1941இல் +7:30, ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், மறுபடி +7:30. 1982 ஜனவரி 1 அன்றுதான் +8:00 ஆனது. நேரமண்டலத் தரவில் இத்தனையும் வரிசையாக இருக்கின்றன. நான் பைடிஇசட் மண்டலத்தை டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பு) உருவாக்கும்போதே அதன் டிஇசட்இன்ஃபோவாக, அதாவது நேரமண்டலத் தகவலாக, நேரடியாகக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் எந்தத் தேதிக்கான நேரம் என்று பார்க்க அதற்கு வழியில்லை. பட்டியலின் முதல் வரியான பழைய +6:55ஐ எடுத்துக்கொள்ளும். லோக்கலைஸ் என்ற செயற்கூறு வழியாகப் போனால் தேதியைப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கும். பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஸோன்இன்ஃபோ என்ற லைப்ரரியில் இந்தச் சிக்கலே கிடையாது. புதிதாக எழுதுகிறவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

இதெல்லாம் பைடிஇசட் ஆவணத்தில் எழுதியே இருந்தது. நான்தான் அவ்வளவு தூரம் கீழே போகவில்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று செய்ய இருந்தேன்: எல்லா நேரத்திலிருந்தும் 65 நிமிடம் கழித்துவிடுவது. அன்றைக்கு வேலை நடந்திருக்கும். யாராவது பின்னால் லோக்கலைஸுக்கு மாற்றியிருந்தால், நோயாளிகள் 65 நிமிடம் முன்னதாக வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

புகாரில் பைத்தான் பதிப்பு இல்லை, லைப்ரரியின் பதிப்பும் இல்லை. கோளாறைக் காட்டும் மூன்று வரி நிரலைத் தனியாக எடுத்து எழுத உட்கார்ந்திருந்தாலே பாதிப் புகார்கள் போடாமலே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறம், தவறு நம்முடையது என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் நழுவுவது. பராமரிப்பவர் சம்பளமில்லாமல் பார்ப்பவராக இருக்கலாம். நம் புகாரை ஓட்டிப் பார்க்க அவருக்கு ஒரு மாலை போகும். வீம்புக்கு வாதாடுவதும் வேண்டாம், புகாரை அழிப்பதும் வேண்டாம். நாளைக்கு இன்னொருவர் 6:55 என்று தேடிக்கொண்டு வருவார். அவருக்காகத் தலைப்பை "டிஇசட்இன்ஃபோ கொடுத்தால் 6:55 வருவது ஏன்" என்று மாற்றினேன். சரியான நிரலைக் கீழே ஒட்டி, மன்னிப்பும் நன்றியும் சொல்லி நானே மூடினேன்.